ஜமால்தீனுக்கு ஒரு பக்கம்

யேசுரட்ணம் எழுத்தாளர் ஆனது ஒரு விசாரணை அதிகாரியின் சிபாரிசில்தான். வேறு யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. எழுதிய பிறகும் சொல்லவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மூட்டை எண்ணும் கிளாக்கர். கப்பல் நடுத்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும். கோதுமை மா மூட்டைகள் கயிற்று வலையில் தொங்கியபடி கீழே சரக்குத் தோணிக்குள் இறங்கும். வலை ஆடாமல் ஓர் ஆள் கீழே நின்று கயிறு பிடிப்பான். ஒரு திங்கட்கிழமை முன்பகலில் மேலே வலையின் கயிறு அறுந்தது. கீழே கயிறு பிடித்து நின்ற கிண்ணியா ஜமால்தீனை மூட்டைகள் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போயின. அந்தத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி வெள்ளைக்காரன் பெருமையடித்துக்கொண்டான், நாங்களும் அடித்துக்கொள்கிறோம். ஆளும் மேலே வரவில்லை, உடலும் வரவில்லை.

கம்பெனிப் பதிவின்படி அன்றைக்கு ஜமால்தீன் என்று ஒருவர் வேலைக்கே வரவில்லை. காய்ச்சலில் படுத்த இன்னொருவனின் இலக்கத்தில் அவர் பதில் ஆளாகப் போயிருந்தார். துறைமுகத்தில் அது நாளாந்தம் நடப்பது. எல்லாருக்கும் தெரியும், ஆகவே விசாரணையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இலக்கத்துக்குரியவனைக் கூப்பிட்டார்கள். அவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உயிரோடு நின்றான். இவன் சாகாதபடியால் ஒருவரும் சாகவில்லை என்று அதிகாரி தீர்ப்பெழுதினார்.

யேசுரட்ணத்துக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று, கண்ணால் கண்டதை ஒன்றும் விடாமல் சொன்னார். அதிகாரி பேனையை மூடி வைத்துவிட்டு, கன்னத்தில் கை கொடுத்தபடி முழுவதும் கேட்டார். அவருடைய கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

"தம்பி, உமக்கு நல்ல கற்பனை வளம். இதை இப்பிடி விசாரணையளில வந்து வீணாக்கக்கூடாது. நீர் ஒரு நாவல் எழுதும்" என்றார்.

அடுத்த கிழமை ஜமால்தீனின் மனைவி ஜெமீலா, துறை கடந்து, பஸ் பிடித்து, பாலையூற்றில் இருந்த யேசுரட்ணத்தின் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாவில் ஒரு கதை கிளம்பியிருந்தது. ஜமால்தீன் சாகவில்லையாம், கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறதாம், ஆள் கொழும்பில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறாராம். புருசன் மௌத்தானால் மனைவி வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்து இத்தா காக்கவேண்டும். ஆனால் சாகாதவருக்கு யார் இத்தா இருப்பது? பள்ளிவாசல் மரைக்கார்மார் நல்ல மனிதர்கள்தான். அவர்களும் கம்பெனிக் கடுதாசியைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார்கள்.

யேசுரட்ணம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். ஜெமீலா கையைக் காட்டி மறித்தார்.

"வாயால சொல்லாதீங்க கிளாக்கர் தம்பி. நீங்க சொல்லி நான் கேட்டா, நான் ஒராள்தான் அழணும், ஊர் நிண்டு சிரிக்கும். நட்டஈட்டுச் சல்லி கில்லி ஒண்டும் வேணாம். அவர் அண்டைக்கு வேலைக்குப் போனாரு, விழுந்தாரு எண்டு எங்கயாச்சும் எழுத்தில கெடக்கட்டும். அச்சில வந்த பொறகு நான் கேக்கன்."

இப்படித்தான் நாவல் தொடங்கியது.

எழுதுவது என்றால் நினைத்தவுடன் வருவதா? எழுபத்துநாலாம் ஆண்டு அது, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியமுன் வரிசையில் நிற்கவேண்டும். வரிசையால் வந்து, துறைமுகத்துச் சங்கு ஊதுவதற்குள் மேசையில் இருந்து ஒரு பக்கம் எழுதுவது என்று யேசுரட்ணம் விரதம் மாதிரி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். விபத்து நாளைத்தான் முதலில் எழுதினார். அது பத்து நாள் ஒழுங்காகப் போனது. பிறகு மண்ணெண்ணெய் வரிசை வந்தது. பிறகு மைத்துனியின் கலியாணம். அதற்குப் பிறகு ஒரு காரணமும் வரவில்லை, சும்மாவே எழுதவில்லை. எழுத்துக்காரர்களுக்கு இந்த வியாதி என்னவென்று தெரியும்.

அப்படி எழுதாமல் விட்ட ஒரு காலையில்தான் ஜமால்தீன் முதன்முதலாக வந்தார்.

யேசுரட்ணம் தேத்தண்ணியோடு மேசைக்கு வந்தபோது, எதிர்க் கதிரையில் அவர் இருந்தார். சாரத்தால் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைமயிரில் கொஞ்சம் மா ஒட்டியிருந்தது. யேசுரட்ணம் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். ஜமால்தீன் அதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எந்த எடத்தில நிப்பாட்டினீங்க கிளாக்கர்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கள் கயிறு பிடிக்கிற இடத்தில."

"அதான். ஒரு மாசமாப் புடிச்சிக்கிட்டு நிக்கன். கை நோகுது."

யேசுரட்ணம் அந்த இடத்திலேயே ஒரு பக்கம் எழுதினார். நிமிர்ந்து பார்த்தபோது கதிரையில் ஆள் இல்லை. மனைவி கிறிஸ்டின் வந்து கதிரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஆர் இதில ஈரத்தோட இருந்தது? உப்பெல்லோ பூத்துக் கிடக்கு" என்று பேசிக்கொண்டு கதிரையைத் தூக்கி முற்றத்து வெயிலில் போட்டாள்.

அன்றிலிருந்து ஒழுங்கு ஒன்று ஏற்பட்டது. எழுதிய நாளில் ஜமால்தீன் வருவதில்லை. எழுதாத நாளில் கட்டாயம் வந்தார். தொடர்ந்து எழுதுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எழுத விரும்புகிற இளைஞர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யத்தான் முடியவில்லை. கதிரை மூன்று தரம் பிரம்பு மாறிய பிறகு நாவல் முடிந்தது. கடைசி வரியை எழுதி முடித்தபோது யேசுரட்ணம் தனியே இருந்து அழுதார். அதற்குப் பிறகு ஜமால்தீன் வரவில்லை.

கைக்காசு போட்டு அச்சடிக்கலாம் என்று நினைத்து அச்சகக்காரர் ஸஹாப்தீனிடம் போனார். ஸஹாப்தீன் கையெழுத்துப் பிரதியைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார்.

"காசு கிடக்கட்டும் ஸேர். கடதாசி எங்க? இப்ப பெமிற் இருந்தாத்தான் கடதாசி. புத்தகப் பெமிற் எழுத்தாளர் பேரவைக்குத்தான் குடுத்திருக்கு. அங்க போங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போகாமலும் விடலாம்" என்றும் சொன்னார். யேசுரட்ணம் அதைக் கவனிக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுக வட்டார எழுத்தாளர் நலன்பேண் பேரவை, ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பொன்னாடை போர்த்திய படங்கள். தலைவர் குலசிங்கம் நடுவில் இருந்தார். நாவல் என்றதும் முகம் மலர்ந்தது.

"நாவலா? நல்லது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அணிந்துரைக்கு ஆரைப் பிடிச்சிருக்கிறீர்?"

"ஒருத்தரையும் இல்லை ஐயா. கதைதான் எழுதினனான்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம் என்பதுபோலக் குலசிங்கம் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"தம்பி, அணிந்துரை இல்லாத புத்தகம் வேட்டி இல்லாத மாப்பிள்ளை. நான் இந்த மாவட்டத்தில் வந்த அத்தனை நூல்களுக்கும் அணிந்துரை எழுதியிருக்கிறேன். நான் ஒரு நூலும் எழுதியதில்லை, அதனால் எனக்குப் பொறாமை கிடையாது. ஒரு நூலையும் வாசிப்பதுமில்லை, அதனால் பக்கச்சார்பும் கிடையாது. வாசித்தால் அபிப்பிராயம் உண்டாகிவிடும். அபிப்பிராயம் உள்ளவன் வாழ்த்தக்கூடாது."

யேசுரட்ணம் தலையாட்டினார். அவருக்கு வேண்டியது கடதாசி.

கடதாசி நூற்றிருபது பக்கத்துக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். முதலில் ஆசியுரை. இது நான்கு மதத்தாரும் வாழும் பட்டினம், ஆகவே நான்கு ஆசியுரை. குருக்கள் ஐயா மூன்று பக்கம் எழுதிவிட்டார் என்று அறிந்து பாதிரியார் நான்காக்கினார். மௌலவியும் பிக்குவும் குறையவா முடியும்? ஒவ்வொன்றும் வளர்ந்து சமநிலைக்கு வந்தபோது, நாவலின் முதற்பகுதிக்கு, கிண்ணியாவில் ஜமால்தீன் சிறுவனாக மட்டி பொறுக்கித் திரிந்த அத்தியாயங்களுக்கு, இடமில்லாமல் போயிற்று.

யேசுரட்ணம் கெஞ்சிப் பார்த்தார்.

"வெட்டாமல் விடலாம்" என்றார் குலசிங்கம். "ஆனால் மத நல்லிணக்கத்தைக் குறைக்க வேண்டி வரும். உமக்குச் சம்மதமா?"

யார் சம்மதம் என்று சொல்லுவார்கள்?

மறுநாள் காலையில் கதிரையில் ஜமால்தீன் இருந்தார். நாவல் முடிந்த பிறகு அவர் வந்தது யேசுரட்ணத்தைத் திடுக்கிட வைத்தது.

"கிளாக்கர், என்ட உம்மாட பேர் என்ன?" என்று கேட்டார் ஜமால்தீன். "நெனச்சு நெனச்சுப் பாக்கன், வருகுதில்ல."

"ஆமினா உம்மா."

"ஆமினா உம்மா" என்று அவர் குழந்தைபோலச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நாள் வந்து திரும்பவும் அதையே கேட்டார்.

வெட்டிய பக்கங்களில் இருந்ததெல்லாம் அவரை விட்டும் போய்க்கொண்டிருந்தது. அதை விளங்கிக்கொண்ட நாளில் யேசுரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிரதியைத் திருப்பி வாங்கிவிடுவோமா என்று யோசித்தார். ஆனால் ஜெமீலாவுக்கு வேண்டியது முழு நாவல் இல்லையே. நாளும் பேரும் போட்டு, விழுந்தார் என்று ஒரு பக்கம் அச்சில் வந்தால் போதும். அந்த ஒரு பக்கத்தைக் காப்பாற்றினால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பேரவையில் இதற்கிடையே ஒரு சச்சரவு. தலைவரின் அணிந்துரை ஒன்பது பக்கம். உபதலைவருக்கு மனத்தாங்கல் வந்து, அவர் பதினொரு பக்கத்தில் ஒரு முகவுரை கொடுத்தார். அதில் அணிந்துரையைப் பற்றிய விமர்சனம் இருந்ததால், தலைவர் முகவுரைக்கு மறுப்புரை எழுதினார். கூட்டுறவுச் சங்கத் தலைவர், உதைபந்தாட்டக் கழகம், தம்பலகாமத்து உழவு இயந்திர உரிமையாளர் சங்கம் ஆகியோரின் வாழ்த்துரைகளும் வந்து சேர்ந்தன. அச்சகத்தில் ஸஹாப்தீன் தலையில் கை வைத்தார். ஈய எழுத்துகள் எல்லாம் பெருந்தகைக்கும் பெருமகனுக்குமே முடிந்துவிட்டன என்று யேசுரட்ணத்திடம் முறையிட்டார். நாவலுக்கு அடுக்கிய பக்கங்களைக் கலைத்து, அந்த எழுத்துகளில்தான் வாழ்த்துரைகளைக் கோத்தார்.

ஜமால்தீனும் ஜெமீலாவும் கலியாணம் முடித்த அத்தியாயங்கள் அப்படிக் கலைந்தன.

அடுத்த நாள் ஜமால்தீன் கதிரையில் இருந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர், ஆரோ ஒரு பொம்பிள எனக்காண்டி எங்கயோ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரிக் கெடக்கு" என்றார். "ஆர் அது?"

யேசுரட்ணம் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

கடைசியில் நாவல் ஒரேயொரு பக்கத்தில் வந்து நின்றது. கயிறு அறுந்த பக்கம். அதையும் தரநிர்ணயக் குழு கூடி ஆராய்ந்தது. குழுவில் விமர்சகி ஞானமலர் ஆசிரியை இருந்தார்.

"பக்கம் நல்லாயிருக்கு. ஆனால் ஜமால்தீன் என்ற பேர் எதற்கு?" என்று கேட்டார். "ஒரு தொழிலாளி என்று போடுங்கள். பொதுமை வரும். பேர் இருந்தால் ஓர் ஆளுக்கு நடந்தது மாதிரி இருக்கிறது."

"ஓராளுக்குத்தான் நடந்தது."

"அதுதான் இதிலுள்ள குறை."

யேசுரட்ணத்துக்கு வாழ்நாளில் முதன்முறையாகக் கோபம் வந்தது. "பேரை எடுக்க ஏலாது!" என்று மேசையில் குத்தினார். மைக்கூடு கவிழ்ந்தது. பேரவை அதிர்ந்துபோய், இதை ஆராய ஓர் உபகுழுவை நியமித்தது. உபகுழு பேரை ஒருமுறை மட்டும் அனுமதித்தது. யேசுரட்ணம் வீட்டுக்கு வந்து, ஒரு பேர், ஒரு நாள், ஒரு பக்கம், போதும் ஆண்டவரே என்று ஜெபம் சொன்னார். அன்று ஜமால்தீன் வந்தும் கதிரையில் இருக்கவில்லை. அது தனக்குப் போட்ட கதிரைதானா என்று தெரியாதவர்போலச் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு மாடி மண்டபத்தில் நடந்தது. ஜெமீலா மூன்றாம் வரிசையில் வந்து இருந்தார். தனக்கிருந்த நல்ல சேலையை உடுத்து, முக்காடு போட்டு, கையில் ஒரு புத்தகமும் வைத்திருந்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிப்பவர் அவர். மெதுவாக ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மங்கல விளக்கேற்றினார்கள். மறைந்த எழுத்தாளர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். வரவேற்புரை, தொடக்கவுரை, தலைமையுரை எல்லாம் நடந்தன. முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள வந்தவர் கம்பெனியின் மனேஜர். மனேஜர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கள் கிளாக்கர் ஒருவர் எழுத்தாளர் ஆனது கம்பெனிக்குப் பெருமை. கடைசி நேரத்தில் நான் கொடுத்த வாழ்த்துரையையும் சேர்த்துக்கொண்ட பேரவைக்கு நன்றி. அதில் சொன்னதையே இங்கேயும் சொல்லுகிறேன். எங்கள் கம்பெனியில் பதிவிலுள்ள எவரும் இற்றைவரை கடலில் விழுந்து இறந்ததில்லை. அப்படி யாராவது இறந்திருந்தால் அவர்கள் பதிவில் இல்லாதவர்கள். இந்த ஒழுங்கை நாங்கள் தொடர்ந்து பேணுவோம்."

பலத்த கரகோஷம் எழுந்தது.

யேசுரட்ணம் மேடையில் இருந்தபடியே புத்தகத்தைத் திறந்தார். ஆசியுரை, அணிந்துரை, முகவுரை, மறுப்புரை, வாழ்த்துரைகள். கடைசியாக மனேஜரின் வாழ்த்துரை, ஒரு முழுப் பக்கம். அதற்குப் பிறகு அட்டை. மண்டபத்தின் பின்புறத்தில் நின்ற ஸஹாப்தீன், அவர் பார்ப்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானமலர் ஆசிரியை நயவுரை வழங்கினார். "இந்த நாவலின் சிறப்பு, கதை வாசகன்மேல் திணிக்கப்படவில்லை என்பதே. நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஓரிடத்திலும் அது துருத்திக்கொண்டு நிற்கவில்லை" என்றார். சபையோர் ஆமோதித்தார்கள். குலசிங்கம் எழுந்து ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார். நன்றியுரை முடிந்ததும், கீழே தேத்தண்ணியும் ரோல்ஸும் இருப்பதாக அறிவித்தார்கள். மண்டபம் ஒரு நொடியில் காலியானது.

பேரவையின் ஆண்டறிக்கையில் விழா இத்துடன் முடிகிறது. "நேரமின்மையால் நூலாசிரியரின் ஏற்புரை இடம்பெறவில்லை" என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இனிச் சொல்லப்போவது நடக்கவில்லை.

ஜெமீலா மூன்றாம் வரிசையிலேயே இருந்தார். கடைசித் தாள் வரைக்கும் புரட்டிவிட்டார். பிறகு முன்னட்டையில் இருந்து திரும்பத் தொடங்கினார். யேசுரட்ணம் மேடையால் இறங்கி வந்தார். பொன்னாடையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"தம்பி, அவர் எந்தப் பக்கத்தில இரிக்காரு?" என்று கேட்டார் ஜெமீலா. "எனக்குத்தான் வாசிக்கத் தெரியல்ல போல."

யேசுரட்ணம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லை அக்கா" என்றார். "ஒரு பக்கத்திலயும் இல்லை. என்னால ஏலாமல் போச்சு."

ஜெமீலா புத்தகத்தை மூடினார். கீழே கோப்பைகள் மோதுகிற சத்தமும் குலசிங்கத்தின் சிரிப்பும் கேட்டன. பிறகு அவர் பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார்.

"அப்ப வாயால சொல்லுங்க."

யேசுரட்ணம் அந்தக் கதிரையில் இருந்தார். மட்டி பொறுக்கிய பெடியனில் இருந்து தொடங்கினார். எழுதி எழுதி எல்லாம் மனப்பாடமாகக் கிடந்தது. ஆமினா உம்மா வந்தார், கலியாணப் பந்தல் வந்தது, காய்ச்சலில் கிடந்தவன் முதல்நாள் பின்னேரம் வந்து பதிலுக்குப் போகச் சொல்லிக் கேட்டதும் வந்தது. ஜெமீலா இடைக்கிடை "ஓம், ஓம்" என்றார். கயிறு பிடிக்கும் இடத்துக்கு வந்ததும் யேசுரட்ணம் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க தம்பி. நிப்பாட்டாதீங்க. விழாத மனிசனுக்கு நான் எப்பிடி அழுற?"

அவர் சொன்னார். மேலே கயிறு அறுந்ததையும், ஜமால்தீன் நிமிர்ந்து பார்த்ததையும், தான் கத்தியதையும், தண்ணீர் மூடியதையும், எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றும் அது திறக்கவில்லை என்பதையும் சொன்னார்.

"என்ன நாள்?"

"திங்கட்கிழமை."

"என்ன நேரம்?"

"லுஹர் பாங்குக்கு முன்னம். ஊர்ப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் வரேக்க நாங்கள் தேடிக்கொண்டு நிண்டனாங்கள்."

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று மௌத்துச் செய்திக்கு ஓதுவதை ஓதினார் ஜெமீலா. புத்தகத்தை மற்றப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"நாள் கணக்குப் பார்த்தா இத்தா எப்பயோ முடிஞ்சிட்டு எண்டு ஆலிம்சா சொல்லுவாரு. சொல்லட்டும். நான் இண்டைக்கிருந்து இரிக்கன். எனக்கு அவர் இப்பதான் மௌத்தானாரு."

முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, அந்தக் காலி மண்டபத்தில், அவர் வாய்விட்டு அழத் தொடங்கினார்.